குந்தவை விட்டுச் சென்ற நகைக் கணக்கு

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமும் (2022, 2023) வந்து போய், "சோழப் பொண்ணுங்க ஜாக்கெட் போட்டாங்களா?" சண்டையும் ஓய்ந்துவிட்டது. இனி ஏகா லக்கானியின் உடை வடிவமைப்பை நிதானமாகப் பேசலாம்.

'பாகுபலி'யின் மகிழ்மதி எந்த மேப்பிலும் கிடையாது. அங்கே எதை மாட்டினாலும் கேள்வியில்லை. மணிரத்னம் படத்துக்கோ ஊர் உண்டு, நூற்றாண்டு உண்டு. எங்கள் தொழில் பாஷையில், ஸ்பெக் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

எங்கே? எங்கள் உத்தமபாளையம் பாறையிலும் ஏறக்குறைய அதே காலத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆனால் அவை சமணத் தீர்த்தங்கரர்கள், ஆடையே கிடையாது! எனவே தஞ்சைக்குத்தான் போகணும். 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த பெரிய கோயில் ஓவியங்களில் ஆடும் பெண்களின் இடுப்புக்குக் கீழே துணியின் கோலம் வரை தெரிகிறது. மேலே நகைதான் ஆடை. ராஜராஜன் என்று வழக்கமாகச் சொல்லப்படும் உருவத்துக்குக் கிரீடம் இல்லை, முடிந்த கொண்டைதான்.

ஜாக்கெட்டை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 1950-களில் 'கல்கி'க்கு வரைந்த மணியமே கச்சை கட்டித்தான் பெண்களைக் காட்டினார். பார்ப்பவர்களுக்காகச் செய்யும் சமரசம் அது.

நகை விஷயம் வேறு. படத்துக்கு ஹைதராபாத் கிஷன்தாஸ் நிறுவனம் செய்த நகைகள் அழகு, சந்தேகமேயில்லை. ஆனால் கதையின் நாயகி குந்தவையே தான் கொடுத்த நகைப் பட்டியலைப் பெரிய கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். உமாபரமேஸ்வரித் திருமேனிகளுக்குக் கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் எடை. அந்தக் கோயிலின் நகைக் கல்வெட்டுகளில் முத்துக்கே எத்தனை ரகம் பாருங்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி. உள்ளே வைத்த அரக்கைக்கூட எடையில் விடவில்லை. சாமி நகைதானே என்று தள்ள முடியாது. வீரபட்டமும் திருப்பட்டிகையுமாக ராஜ அலங்காரம்தான் சாமிக்கும். ஒரு டிசைனருக்கு இதைவிடப் புதையல் வேண்டுமா? ஒழுங்கில்லாத கறடு முத்துக்கும் அங்கே மதிப்பு இருந்தது. படத்தின் பளபளப்பில் அந்தக் கரடுமுரடு காணாமல் போகிறது.

என் உண்மையான வருத்தம் கவசத்தில். 'மெய்ம்மறை' என்ற சொல் பதிற்றுப்பத்திலேயே வருகிறது, சரி. ஆனால் சோழர் சிற்பத்து வீரர்கள் பெரும்பாலும் இடைக்கட்டு, வாள், கேடயம், அவ்வளவுதான். திறந்த தோளும் அதில் கிடக்கும் அணியும்தான் 'இவன் யார்' என்று சொன்னது. படத்தில் தோலும் உலோகமும் மார்பை மூடியதும், அந்தப் பாஷை முழுக்க அடைபட்டுப் போகிறது. ஆங்கில ஃபேன்டஸி சீரியலில் பார்த்துப் பழகிய உருவம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடிகர்கள் வெற்றுடம்போடு சண்டை போட்டால் ஜனங்கள் சிரிப்பார்களோ என்ற பயம் இருந்திருக்கலாம். எனக்கென்னவோ, நம்ம ஊரில் கோயில் சிலையைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

இது வெறும் நுணுக்கம் பிடிக்கிற வேலை இல்லை. மணியத்தின் கோடு ஒரு தலைமுறைக்குச் சோழனைக் காட்டியது. அடுத்த தலைமுறைக்கு அருள்மொழி என்றால் ஜெயம் ரவியின் கவசம்தான். பிள்ளைகளைத் தஞ்சாவூர் கூட்டிப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாமல், கீழே சுவர் எழுத்தையும் ஒருமுறை காட்டுங்கள். குந்தவையின் கணக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.