உப்பு எங்கே போகிறது?

சுழற்சிப் பொருளாதாரம் (சர்க்குலர் எகானமி) பற்றிய நிறுவன அறிக்கைகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் ஒரே படம்தான்: பச்சை நிறத்தில் ஒரு வட்டம், ஒன்றையொன்று துரத்தும் அம்புக்குறிகள். எடு, செய், தூக்கிப்போடு என்ற பழைய பாதையை வட்டமாக வளைத்துவிட்டால் கழிவும் குறையும், லாபமும் கூடும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த அம்புக்குறியை யார் தள்ளுகிறார்கள், தள்ளுகிற செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் படம் சொல்வதில்லை. என் விமர்சனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள டென்மார்க்கோ நெதர்லாந்தோ போக வேண்டாம். திருப்பூர் போதும்.

பனியன் கம்பெனியில் துணி வெட்டும்போது ஓரத்தில் விழும் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கட்டிங் வேஸ்ட்டை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. வியாபாரிகள் எடை போட்டு வாங்குகிறார்கள். நிறம் வாரியாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் நூலாக்குகிறார்கள். அந்த நூல் போர்வை, மிதியடி, கையுறை என்று திரும்ப வருகிறது. கொஞ்சம் இயந்திரம் துடைக்கும் துணியாகப் போகிறது. இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை. காயலான் கடைக்கு இரும்பு போகிற அதே காரணம்தான்: அதற்கு ஒரு விலை இருக்கிறது.

இப்போது அதே ஊரின் இன்னொரு கழிவு. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுவது உப்பின் வேலை. அடர்ந்த நிறம் என்றால் சாயத் தொட்டியில் கடல்நீரைவிட அதிக உப்பு இருக்கும். வேலை முடிந்ததும் அந்த உப்பு துணியில் தங்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். நுண்ணுயிரிகளை வைத்துச் செய்யும் சாதாரணச் சுத்திகரிப்பு அழுக்கைக் குறைக்கும், உப்பை ஒன்றும் செய்யாது. அந்தத் தண்ணீர் வருடக்கணக்காக நொய்யலில் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணை நீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

இங்கே வட்டம் தானாகச் சுழலவில்லை. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பல வருட வழக்குக்குப் பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனைக்கு வந்த பிறகுதான் படிப்படியாகத் திறந்தன. இன்று சவ்வு வழியே வடிகட்டித் தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டு, அதே பட்டறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இதை ஒரு பெரிய சாதனை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் சாதனையின் கணக்கை முழுசா போடணும், இல்லையா? வடிகட்டியது போக மிஞ்சுவது இன்னும் அடர்த்தியான உப்புநீர். அதைக் காய்ச்சி வற்றவைக்க வெப்பம் வேண்டும், வெப்பத்துக்கு எரிபொருள் வேண்டும். வற்றவைத்துக் கிடைக்கும் உப்பில் ஒரு பகுதி மறுபடி சாயத்துக்குப் போகிறது. எதற்கும் ஆகாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகச் சேர்கின்றன. படத்தில் வட்டம் மூடியிருக்கிறது. நிஜத்தில் ஒரு ஓரத்தில் புகை போகிறது, இன்னொரு ஓரத்தில் மூட்டை ஏறுகிறது. இந்தச் செலவைச் சுமப்பது பட்டறைக்காரர். சட்டை வாங்கி விற்கும் பிராண்டின் அறிக்கையில் இந்தத் தண்ணீர் மிச்சம் பெருமையாக அச்சாகலாம். அதே பிராண்ட் துணிக்குக் கொடுக்கும் விலையில் இந்தச் செலவு இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவதாக ஒன்று, நீலகிரியிலிருந்து. காட்டிலும் புல்வெளியிலும் வீசப்படும் மது பாட்டில்கள் யானையின் காலைக் கிழிப்பதைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடிப்பவர்களுக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் அக்கறை வந்துவிடவில்லை. விலை இல்லாத ஒரு பொருளுக்கு உத்தரவு ஒரு விலை கொடுத்தது, அவ்வளவுதான். குடித்தவர் வீசினாலும், வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. விலை உள்ள கழிவு தானே சுழலும். விலை இல்லாத கழிவு, யாராவது கட்டாயப்படுத்தாமல் சுழலாது. நிறுவனங்கள் பெருமையாகக் காட்டுவது பெரும்பாலும் முதல் வகையை, அதாவது எப்படியும் நடந்திருக்கும் வேலையை. அளக்க வேண்டியது இரண்டாவது வகையை.

உண்மையாகவே கழிவைக் குறைக்க நினைக்கும் நிறுவனம் வட்டத்தின் கடைசியில் அல்ல, தொடக்கத்தில் கை வைக்க வேண்டும். சாயப்பட்டறையில் அதற்கு அர்த்தம், குறைந்த தண்ணீரில் சாயமேற்றும் இயந்திரம், உப்பு குறைவாகக் கேட்கும் சாயம், உப்புநீரைக் காய்ச்சாமல் தெளியவைத்து அப்படியே திரும்பப் பயன்படுத்துவது. உள்ளே போகாத ஒரு கிலோ உப்பை யாரும் காய்ச்ச வேண்டியதில்லை, மூட்டை கட்டவும் வேண்டியதில்லை. வாங்கும் பிராண்ட் அந்த இயந்திரத்துக்கான காசில் பங்கு போட வேண்டும், அல்லது விலையில் சேர்த்துத் தர வேண்டும்.

அடுத்த முறை பச்சை வட்டம் போட்ட அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் இதைத் தேடிப் பாருங்க: எவ்வளவு மீட்டோம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில், எவ்வளவு மிஞ்சியது, அது இப்போது எங்கே இருக்கிறது என்ற எண் இருக்கிறதா? நான் பார்த்த அறிக்கைகளில் அநேகமாக அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.