பொன்னாடையும் மதிப்புரையும்

நாளிதழில் நூல்களைப் பற்றி எழுதுகின்ற ஒருவரைச் சிற்றூர் இலக்கிய மன்றம் சொற்பொழிவுக்கு அழைப்பது தமிழகத்தில் புதிய வழக்கமன்று. தினமணி ஆசிரியர் கி. வைத்தியநாதன் அவர்கள் ஞாயிறுதோறும் வெளிவரும் 'தமிழ்மணி'யில் 'கலாரசிகன்' என்னும் பெயரில் எழுதிய பத்தி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. தாம் சென்ற கூட்டம், படித்த நூல், மதிப்புரைக்கு வந்தவற்றுள் மனத்தைத் தொட்ட ஒரு கவிதை என்று அது நடைபோடும். கைப்பொருளைச் செலவிட்டுத் தொகுப்பு வெளியிட்ட ஊர்ப்புறக் கவிஞருக்கு அங்கே நான்கு வரி இடம் கிடைப்பது சிறிய செய்தியன்று. அதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் அறிமுகம் வேறு, திறனாய்வு வேறு. மன்ற மேடைகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே நம் குறை.

பாப்பிரெட்டிப்பட்டி போன்றதோர் ஊரை எண்ணிப் பார்ப்போம். சேர்வராயன் மலைச்சாரலை ஒட்டிய ஊர். வாணியாற்றுப் பாசனம் உடையது. புகைவண்டியில் வரும் விருந்தினர் பொம்மிடியில் இறங்கித்தான் வரவேண்டும். இத்தகைய ஊரில் கூட்டம் நடத்துவோர் மண்டப வாடகை முதல் ஒலிபெருக்கி வரை தம் பணத்திலேயே செலவிடுவர். இவ்வளவும் செய்தபின் நடப்பதென்ன? வரவேற்புரை நீளும். வாழ்த்துரை அதனினும் நீளும். பொன்னாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். (கோடைக்காலத்தில் அது பரிசா, தண்டனையா என்பதை விருந்தினரே அறிவார்!) அவர் பேச எழும்போது மணி ஒன்பதாகியிருக்கும். ஊராரின் அன்பைப் புகழ்ந்து, கவிஞர்கள் அனைவரையும் வாழ்த்தி அமர்வார். உள்ளூர் எழுத்தாளருக்கு மிஞ்சுவது, தம் நூலை அவர் கையில் கொடுக்கும் நிழற்படம் ஒன்றே. அந்நூலில் எது கவிதை, எது வெறும் சொல்லடுக்கு என்று சொல்ல அன்றும் ஒருவர் வாய்க்கவில்லை.

நாளிதழ் இவ்வளவுதான் செய்ய முடியும் என்று கருதுவோர் உண்டு. 1950களில் சுதேசமித்திரனில் க.நா. சுப்ரமண்யம் எழுதியதை அவர்கள் நினைவுகூர வேண்டும். பெயர்பெற்ற நாவல்கள் பல தேறமாட்டா என்று அவர் துணிந்து எழுதினார். சினம் கொண்டோர் பலர். அந்த விவாதச் சூட்டிலிருந்து பிறந்ததே, சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' என்னும் ஏடு. க.நா.சு.வின் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர் படித்துவிட்டுப் பேசினார்.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. அரங்கேற்றம் என்பது வெறும் வெளியீட்டு விழாவாக இருந்ததில்லை. அவையோர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அத்தகைய அவை கண்ட மரபில் வந்த காப்பியமே. அவை முன் நின்று விடை சொல்வதை எந்தப் புலவரும் இழுக்காகக் கருதியதில்லை.

சென்னையில் 1970இல் தோன்றிய 'இலக்கியச் சிந்தனை' ஒரு நல்ல வழியைக் காட்டியது. பேச அழைக்கப்பட்டவர் அந்த மாதத்து இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்து, காரணமும் கூறவேண்டியிருந்தது. படிக்காமல் அந்த மேடையில் ஏற இயலாதிருந்தது.

முஸ்லிம் எழுத்தாளர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. நம்மவர் நூலைக் கையிலெடுக்கும் வெளியார் பலரும் நல்லிணக்கத்தைப் போற்றிவிட்டு நூலை மூடிவிடுகின்றனர். அது மரியாதைதான், மதிப்பீடன்று. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சமூகத்தின் உட்பூசலையும் பெருங்குடும்பங்களின் ஆதிக்கத்தையும் எழுதிய அவருக்கு வேண்டியிருந்தது கதையையும் மொழியையும் எடைபோடும் வாசகரே. இணக்கம் பேசும் விருந்தினரல்லர்.

ஆகவே, பத்தியாளரை அழைக்கும் மன்றத்தார் ஒரு மாதத்திற்கு முன்பே உள்ளூர் நூல்கள் இரண்டை அவருக்கு அஞ்சலில் அனுப்புக. பத்துப் பொன்னாடையின் செலவை ஒன்றாகக் குறைத்தால் அஞ்சற்கட்டணம் போக மீதமும் இருக்கும். வாழ்த்துரைகளை நிறுத்தி, அந்த ஒரு மணி நேரத்தை அவ்விரு நூல்களுக்கே ஒதுக்குக. எந்தப் பக்கங்களை அடுத்த பதிப்பில் நீக்கலாம் என்று நூலாசிரியர் முன்னிலையிலேயே அவரைக் கேட்டுவிடுக.