வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தவன்

எழுபது பேரை ஒற்றை ஆளாக வெட்டிச் சாய்த்தவன், கையில் மண்வெட்டியோடு வறண்ட நிலத்தின் முன்னால் நிற்கிறான். பக்கத்தில் அப்பனைப் பறிகொடுத்த ஒரு சிறுவன். ஓங்கிப் போட்டால் மண் அசையவில்லை. கை மரத்துப் போகிறது. எதிரில் நிற்பவன் மனிதனாக இருந்தால் அவன் கண்ணைப் பார்த்தே அடுத்த அடியைக் கணித்துவிடுவான். மண்ணுக்குக் கண் கிடையாது.

தகேஹிகோ இனோவே வரைந்த ‘வேகபாண்ட்’ என்னும் சாமுராய் மங்காவின் (ஜப்பானியப் படக்கதையின்) கடைசித் தொகுதிகள் இந்த இடத்தில்தான் நிலைகொள்கின்றன. ஜப்பானில் கோடன்ஷா நிறுவனத்தின் ‘மார்னிங்’ வார இதழில் 1998-ல் தொடங்கிய தொடர் இது. எய்ஜி யோஷிகாவா 1935 முதல் 1939 வரை ‘அசாஹி ஷிம்புன்’ நாளிதழில் எழுதிய ‘முசாஷி’ நாவல்தான் மூலம். நாயகன் மியமோட்டோ முசாஷி வரலாற்றில் வாழ்ந்தவர். 1600-ல் நடந்த செகிகஹாரா போரின் காலத்து இளைஞர், 1645-ல் மறைந்தவர், சாவதற்குமுன் வாள்வித்தை பற்றி ‘ஐந்து வளையங்களின் நூல்’ எழுதியவர்.

இனோவேயின் முசாஷி முதல் தொகுதிகளில் ஒரு காட்டு விலங்கு. உலகில் எவரும் வெல்ல முடியாதவன் ஆகவேண்டும் என்பது ஒன்றே அவன் ஆசை. யோஷியோகா வாள்பள்ளியின் எழுபது பேரோடு அவன் தனித்து மோதும் பகுதி 26, 27-ஆம் தொகுதிகளை நிறைத்துக்கொண்டு ஓடுகிறது. சேறு, இரத்தம், மூச்சு என்று பக்கம் பக்கமாகச் சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் படித்துவிட்டு மேலும் வாள் வீச்சை எதிர்பார்த்து முன்னேறும் இரசிகருக்கு, கடைசித் தொகுதிகளில் கிடைப்பது பொட்டல் காடும் பசியும்தான். உலகெங்கும் வேகபாண்ட் இரசிகர்கள் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறார்கள். கதை நின்றுவிட்டது என்று ஒரு சாரார் அலுத்துக்கொள்கிறார்கள். கதையே இங்குதான் தொடங்குகிறது என்கிறார்கள் மற்றவர்கள்.

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து வளர்ந்த வாசகர் இரண்டாவது கட்சியில்தான் இருக்க முடியும். காவிரி இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு எட்டாத ஆறு. வானம் பார்த்த பூமி. மழைநீரைத் தேக்கிவைக்கும் கண்மாயும் குளமும்தான் ஊரின் உயிர். கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரிய ஏரிகளிலிருந்து ஊருக்கு ஊர் கிடக்கும் சின்னக் குளங்கள் வரை, தண்ணீரை அளந்து திறந்துவிடக் குமிழித்தூம்பு நட்டவர்கள் இந்த மண்ணின் மூதாதையர். குமிழி செய்து கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்கள் இங்கே உண்டு. போரில் செத்தவனுக்கு நடுகல் எடுத்த அதே சமூகம், மடை அமைத்தவனுக்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறது. முசாஷி வாளை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரின் போக்கைப் பார்க்கக் குந்தியிருக்கும் கட்டம் இந்த வாசகருக்கு அந்நியமாக இருக்காது.

அவன் முதலில் தோற்கிறான் என்பதுதான் இந்தப் பகுதியின் உயிர்நாடி. வலுவெல்லாம் சேர்த்து வெட்டுகிறான். வெட்டிய இடத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போகிறது. மண்ணை அடக்க நினைப்பவன் அவன். ஷூசாகு என்ற முதியவர்தான் நீர் எங்கே போக விரும்புகிறது, மண் எதைக் கேட்கிறது என்று பார்க்கச் சொல்லித் தருகிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் புதுக்கோட்டை வழியாகப் போனபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு தலைமுறை வளர்த்ததை ஓர் இரவு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் கூடித் தங்கள் பணத்தில் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினார்கள். அதை நேரில் கண்ட ஒருவர், விழுந்த வரப்பை முசாஷி மறுபடி எடுத்துக் கட்டும் பக்கத்தைச் சட்டெனப் புரட்டிவிட மாட்டார். 2017-ல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஏன் அத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்று கேட்பவருக்கும் இந்தத் தொகுதிகளைக் கையில் கொடுக்கலாம்.

பஞ்சம் வருகிறது. ஊர் செத்துக்கொண்டிருக்கிறது. எவர் முன்னும் குனியாத முசாஷி, கொகுராவை ஆளும் ஹொசோகவா குடும்பத்தின் ஆளிடம் தலை தாழ்த்தித் தானியம் கேட்கிறான். எழுபது பேரை வென்ற பக்கங்களைவிட இந்தத் தலை குனிவில்தான் அவன் உயர்ந்து நிற்கிறான் என்பதே இக்கட்டுரையின் துணிபு. இனோவே தொடரின் நடுவில் பேனாவை வைத்துவிட்டுத் தூரிகைக்கு மாறியவர். மை கசிந்து பரவும் அந்தக் கோடுகளில் மலையும் மழையும் எழுகின்றன. இதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக் கூரையில் தாமரைக் குளம் வரைந்த கையும் இப்படித்தான் வேலை செய்திருக்க வேண்டும். அங்கே பூப்பறிக்கும் ஆளின் உடல் ஓரிரு வளைகோடுகளில் உருண்டு நிற்கிறது. தண்டு, மீன், யானை எல்லாம் ஒரே நீர்ப்பரப்பில் மிதக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கும் மேலான இடைவெளி. ஆனாலும் கோட்டை நம்பியவர்கள் இருவரும்.

படக்கதைக்கும் புதுக்கோட்டைக்கும் உள்ள உறவு அதோடு முடிவதில்லை. தமிழில் குழந்தை இதழ்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் இந்த மாவட்டத்தைச் சுற்றித்தான் தொடங்க வேண்டும். ‘சக்தி’ வை. கோவிந்தனும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் இராயவரத்துக்காரர்கள். வள்ளியப்பா ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’ ஆகிய இதழ்களோடு தொடர்புகொண்டிருந்தவர். அரிமளத்தில் 1925-ல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, வாண்டுமாமா என்ற பெயரில் ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ இதழ்கள் வழியே இரண்டு மூன்று தலைமுறைக் குழந்தைகளைப் படக்கதைக்குள் இழுத்துப் போட்டார். ‘ஓநாய்க் கோட்டை’ போன்ற சித்திரக் கதைகளுக்கு வசனமும் கதையும் எழுதியவர் அவர். பெரியவர்களுக்காக எழுதும்போது கௌசிகன். 2014 ஜூனில் அவர் மறைந்தார். வேகபாண்டின் 37-ஆம் தொகுதி ஜப்பானில் வெளியானதும் அதற்கு அடுத்த மாதம்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படக்கதையை நேசிப்பவர் மனத்தில் மட்டும் இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

வாண்டுமாமா தலைமுறை கையால் வரைந்து, கையால் எழுதி இங்கேயே படைத்தது. இறக்குமதிக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தது சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு வந்தது. பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி நாயகர்கள் தமிழ் பேசினார்கள். டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் தமிழகத்துப் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கினார்கள். ஜப்பான் மட்டும் இந்தச் சந்தைக்கு வெளியே நின்றது. ஜப்பானிய வாள் தமிழ் வாசகரை எட்டியது பெரும்பாலும் திரை வழியாகத்தான். 1954-ல் வந்த குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ திரைப்படச் சங்கங்களில் ஓடிய படம். இப்போது அனிமே தமிழ்க் குரலிலேயே வருகிறது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் டப்பிங்கோடு திரையரங்குக்கு வந்தது. குரல் தமிழாகிவிட்டது. அச்சு இன்னும் ஆகவில்லை. வேகபாண்டைப் படிக்க விரும்புகிறவர் ஆங்கிலப் பதிப்பைத்தான் வாங்குகிறார்.

சாமுராய் மங்கா என்ற பெருங்காட்டில் வேகபாண்ட் ஒரு மரம்தான். கசுவோ கொய்கே எழுதி கொசெகி கொஜிமா வரைந்த ‘தனி ஓநாயும் குட்டியும்’ 1970 முதல் 1976 வரை வந்தது. 28 தொகுதிகள். ஷோகனின் மரணதண்டனை அதிகாரியாக இருந்த ஓகாமி இட்டோ, சூழ்ச்சியில் எல்லாவற்றையும் இழந்து, கைக்குழந்தை தைகோரோவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூலிக்கொலைஞனாக அலைகிறான். புறப்படுமுன் குழந்தையின் எதிரில் ஒரு பந்தையும் வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் செத்துப்போன தாயிடம் அனுப்புவான். வாளைத் தொட்டால் கூட்டிக்கொண்டு போவான். குழந்தை தவழ்ந்து வருகிறது. கொஜிமா அந்தத் தவழலை அவசரமே இல்லாமல் வரைகிறார். வாளின் பளபளப்பில் பிஞ்சுக் கை படுகிறது. பெற்றவர் எவரும் அந்தப் பக்கத்தைத் தாண்டுவது கடினம்.

நொபுஹிரோ வாட்சுகியின் ‘ருரோனி கென்ஷின்’ வேறு காலம். கதை நடப்பது 1878-ல். பொது இடத்தில் வாள் தரிப்பதற்கு அரசு தடைபோட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இனிக் கொல்வதில்லை என்று கூர்விளிம்பு தலைகீழாக அமைந்த வாளோடு திரிகிறான் நாயகன். ஹிரோஅகி சமுராவின் ‘பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்’ 1993 முதல் 2012 வரை ஓடியது. அங்கே சாக முடியாத வாள்வீரன். சண்டையின் அழகு பார்ப்பவருக்கு அது விருந்து, ஆனால் இங்கே அதற்கு மேல் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் ஹிரோஷி ஹிராட்டா. 1962-ல், வாடகைக்குப் புத்தகம் எடுக்கும் கடைகளுக்கென்றே அச்சான மங்காக்களின் காலத்தில், அவர் ஒரு வாள்வீரன் கதை வரைந்தார். நாயகன் புராகு சமூகத்தில் பிறந்தவன். தோல் பதனிடுதல், சாவு சார்ந்த வேலை என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் அவர்கள். வாளில் பெரியவன் ஆனால் தன் மக்களின் இழிவு நீங்கும் என்று நம்புகிறான். கை கால்கள் வெட்டப்பட்டும் பழிவாங்க எழுகிறான். ஒடுக்கப்பட்டவர்களை இவ்வளவு இரத்தவெறியோடு காட்டலாமா என்று புராகு விடுதலை இயக்கத்தார் எதிர்க்க, புத்தகம் திரும்பப் பெறப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து 2004-ல்தான் அது மறுபடி புத்தகமாக வந்தது.

அந்தக் கதை இந்தியாவுக்கு வந்த விதம் தனி வரலாறு. யூகிச்சி யமமாட்சு என்ற மங்கா ஓவியர், இந்தி தெரியாமல், ஆங்கிலமும் தெரியாமல், அதே 2004-ல் டில்லிக்கு வந்து இறங்கினார். ஹிராட்டாவின் இந்தச் சாமுராய்க் கதையை இந்தியில் மொழிபெயர்க்க வைத்து, அச்சடித்து, தெருவில் நின்று விற்றார். அந்த அலைச்சலைப் பிறகு தானே மங்காவாக வரைந்தார். அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். தமிழ்த் துப்பறியும் கதைகளை, வாரஇதழ்க் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே பதிப்பகம்தான்.

சாமுராய் என்றால் வீரம் என்று மட்டும் பழகிய கண்ணுக்கு ஹிராட்டா கசப்பு மருந்து. வாள் தரிக்கும் உரிமையே பிறப்பால் வருவது என்ற சமூகத்தில் வாளின் கூர்மை யார் மீது பாயும் என்று அவர் காட்டினார். புதுக்கோட்டை வாசகருக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட மாவட்டம் இது. வெளிநாட்டுப் படக்கதை என்று ஒதுக்கி வைத்த புத்தகம் உள்ளூர்க் கேள்வியைக் கேட்கிறது.

இவையெல்லாம் தமிழில் வர முடியுமா? ஆங்கிலத்தைவிடத் தமிழில் நன்றாக வரும். காரணம் மொழியின் உள்ளேயே இருக்கிறது. மங்காவின் பக்கங்களில் ஓசைச் சொற்கள் படத்தின் பாகமாகவே வரையப்படுகின்றன. ஜப்பானிய மொழியில் அமைதிக்குக்கூட ஓர் ஓசை உண்டு. ‘ஷீன்’ என்று எழுதினால் அங்கே ஒன்றுமே கேட்கவில்லை என்று பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அங்கே திணறுகிறார். தமிழனுக்கு ‘ஞொய்’ என்று காதில் இரையும் அமைதி தெரியும். சளசள, மொறுமொறு, கிடுகிடு, தகதக என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்த இரட்டைக்கிளவி இன்றும் வாயில் புழங்கும் மொழி இது. மழை சோவென்று கொட்டும், பிசுபிசுவென்று தூறும், சடசடவென்று பெய்யும். மூன்றும் மூன்று மழை. இனோவே வரைந்த ஒவ்வொரு மழைக்கும் இங்கே ஒரு சொல் காத்திருக்கிறது.

மரியாதைச் சொல் இன்னொன்று. முசாஷி யாரையும் மதிக்காத வயதில் பேசும் பேச்சும், ஷூசாகுவின் முன் உட்கார்ந்து பேசும் பேச்சும் ஜப்பானிய மூலத்தில் வேறு வேறு. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே ‘யூ’வில் கரைந்துவிடுகின்றன. தமிழில் ‘டேய் கிழவா’ என்று தொடங்கியவன் ‘சொல்லுங்க ஐயா’ என்று வந்து நிற்கும்போது அவன் திருந்திய கதை மொத்தமும் இரண்டு சொல்லில் தெரிந்துவிடும். அப்பனை இழந்த அந்தச் சிறுவன் இயோரிக்கு ‘டா’ போடுவதா, ‘தம்பி’ என்பதா, எந்தப் பக்கத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதை யோசித்து எழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு அது ஒரு வேள்வி. வேளாண்மைச் சொற்களுக்கும் அகராதி தேட வேண்டியதில்லை. வரப்பு, மடை, நாற்றங்கால், களை, பதர் எல்லாம் அறந்தாங்கிப் பக்கத்து வயலில் காதில் விழும் சொற்கள்தாம்.

வலமிருந்து இடமாகப் படிக்கும் வரிசை முதலில் தடுமாற வைக்கும். நான்கு பக்கம் போனால் கண் பழகிவிடும். புத்தகத்தைப் பின்னட்டையிலிருந்து திறக்கிறோம் என்ற கூச்சம் பத்தாம் பக்கத்தில் மறைந்துபோகும். இந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு பதிப்பாளர் தயங்கத் தேவையில்லை. உரிமைத் தொகை, அச்சுச் செலவு, நீண்ட தொடரை முடிக்கும் வரை தாக்குப்பிடிக்கும் சந்தா ஆகியவைதான் உண்மையான தடைகள். அவற்றைத் தாண்டிய அனுபவம் சிவகாசிக்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. 37 தொகுதி அதிகம் என்றால், மண்வெட்டி வரும் கடைசிச் சில தொகுதிகளை மட்டும் ஒரே புத்தகமாகக் கட்டித் தரலாம். முன்கதையை நான்கு பக்கத்தில் சொல்லிவிட முடியும். புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் அப்படி ஒரு புத்தகம் அடுக்கில் இருந்தால், வாள் படம் பார்த்து எடுப்பவர் நெற்கதிரோடு வீட்டுக்குப் போவார்.

இனோவே 2015-ல் தொடரை நிறுத்தினார். 327 அத்தியாயம் ஆகியிருந்தது. இன்றுவரை 37-ஆம் தொகுதிதான் கடைசிப் புத்தகம். 1612-ல் கன்ரியு தீவில் சசாகி கொஜிரோவோடு முசாஷி மோதிய புகழ்பெற்ற சண்டை இன்னும் வரையப்படவில்லை. இனோவே காது கேளாதவனாகப் படைத்திருக்கும் அந்தக் கொஜிரோ எங்கோ காத்திருக்கிறான். முசாஷி கொகுராவுக்குப் புறப்படும் முன்பாக வயலில் நெல் விளைந்துவிட்டது. அறுப்பும் முடிந்துவிட்டது.