மூடுபனி மறைத்த முகங்கள்

அண்மையில் கடையநல்லூரில், கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் சிலரோடு அமர்ந்து, பாலு மகேந்திராவின் 'மூடுபனி' திரைப்படத்தை மீண்டும் பார்த்தேன். குருமட நாள்களில் ஒருமுறை பார்த்தது. படம் முடிந்ததும் ஓர் இளைஞர் பெருமூச்சுடன், "பாவம் சாமி, அந்தச் சந்துரு!" என்றார். "படத்தில் கொலையுண்ட பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லேன்" என்றேன். அவரால் சொல்ல இயலவில்லை. உண்மையில், எனக்கும் நினைவில்லை.

1980இல் வெளிவந்த இப்படம் தமிழ் உளவியல் திகில் படங்களுள் தனியிடம் பெற்றது. பாலு மகேந்திராவே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். இளையராஜாவுக்கு இது நூறாவது படம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) தந்த தூண்டுதல் இதில் தெரிந்தாலும், இது வெறும் நகலன்று. தந்தை விலைமாதரை நாடிச் சென்றதையும், தாயை வதைத்ததையும் கண்டு வளர்ந்த சிறுவன் சந்துரு. அந்தக் காயம் பின்னாளில் கொலைவெறியாகிறது. தான் விரும்பிய ரேகாவை அவன் கடத்திச் சென்று உதகையில் அடைத்து வைக்கிறான்.

படத்தின் சிறப்புகள் பல. உரத்த வசனம் இல்லை. மௌனமும் இயல்பான வெளிச்சமுமே அச்சத்தை வளர்க்கின்றன. பிரதாப் போத்தன் சந்துருவை அரக்கனாக்காமல், தாயன்புக்கு ஏங்கும் பிள்ளையாகவே காட்டுகிறார். ரேகாவாக வரும் ஷோபாவின் நடிப்பில் துளியும் மிகையில்லை. படம் திரைக்கு வருமுன்பே, 1980 மே முதல் நாள், அவர் மறைந்துவிட்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

குறை எங்கே? கொலைகாரனுக்கு இளமைப் பருவம் உண்டு, கண்ணீர் உண்டு, காரணமும் உண்டு. கொலையுண்ட பெண்களுக்கோ எதுவுமில்லை. அவர்களும் யாரோ ஒருவரின் மகள். வறுமையோ வஞ்சனையோ அவர்களை அங்குக் கொண்டு சேர்த்திருக்கலாம். அதைக் கேட்கப் படத்துக்கு நேரமில்லை. அவர்களுடைய சாவு அவனுடைய நோயின் அடையாளமாக மட்டுமே எஞ்சுகிறது. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்திலும் இதே குறையைக் காண்கிறோம். கொன்றவனின் கடந்த காலம் விரிய, கொல்லப்பட்டவர்களின் வாழ்வு மறைந்துபோகிறது.

அப்படியானால் சந்துருவுக்கு இரங்குவது தவறா? இல்லை. அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் ஆகியன ஒருவரது செயலுக்கான பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் நீக்கவும் செய்யலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1735) கூறுகிறது. ஒப்புரவு அருளடையாளம் வழங்க அமரும் எந்தக் குருவும் இதை மறக்கலாகாது. ஆனால் குற்றவாளியின் பொறுப்பு குறைவதனால் பலியானவரின் மாண்பு அணுவளவும் குறைவதில்லை. இந்த இரண்டாம் உண்மையைத்தான் படம் தவறவிடுகிறது.

இங்கு நற்செய்தி காட்டும் வழி வேறு. மத்தேயு தரும் மூதாதையர் பட்டியலில் எரிகோவின் விலைமகள் இராகாபு பெயரோடு நிற்கிறாள். பரிசேயர் சீமோனின் வீட்டில், ஊரார் பாவி என்று ஒதுக்கிய பெண்ணை இயேசு அவருக்குச் சுட்டிக்காட்டுகிறார். பாவி என்ற பட்டத்தை மட்டுமே அறிந்திருந்த சீமோன், அவளது கண்ணீரையும் அன்பையும் காண வேண்டியதாயிற்று.

'மூடுபனி' பார்க்கத் தக்க படமே. கலைநுட்பம் நாடுவோர் அதில் கற்பதற்கு நிறைய உண்டு. பார்த்து முடித்தபின் சந்துருவுக்காக இரங்குங்கள், அதில் பிழையில்லை. அந்த இரக்கம் அவனோடு நின்றுவிடாதிருக்கட்டும். நாளிதழில் இத்தகைய கொலைச் செய்தியைப் படிக்கும்போதும், கொன்றவன் ஏன் கொன்றான் என்று கேட்குமுன், இறந்தவள் யார் என்று கேட்போம். நினைப்பார் எவருமற்ற ஆன்மாக்களுக்காகவும் செபிக்கும் நமக்கு அது புதிய பழக்கமன்று.