நெளிவுக்குள் ஒளிந்த பரப்பு

1990-இல் ஈவன் எவன்ஸும் டபிள்யூ. ராவிச்சும் வெளியிட்ட ஒரு சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கருவிகள் கொஞ்சம்தான்: நுண்ணோக்கி, சில மைக்ரான் துளையுள்ள கண்ணாடிக் குழாய், ஏற்றி இறக்கக்கூடிய நீர்த்தொட்டி.

குழாய் வாயில் பிடிபடுவது 20 மைக்ரான் அளவிலான கொழுப்புக் குமிழி. அதன் சவ்வு 4 நானோமீட்டர் தடிமன். அதுவும் திரவம், மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அறையின் வெப்பமே அதை ஓயாமல் நெளிய வைக்கும். தொட்டியைச் சற்றுத் தாழ்த்தினால் மெல்லிய உறிஞ்சல் பிறந்து, சவ்வு குழாய்க்குள் நீளும். உள்ளிருக்கும் சர்க்கரைக் கரைசலின் கனஅளவு மாறாது. ஆகவே அந்த நீளத்தைக் கொண்டே வெளிப்பரப்பு எவ்வளவு கூடியது என்று கணக்கிட்டுவிடலாம்.

ரசிக்க வேண்டிய இடம் இதுதான். மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே இல்லை. பிறகு ஏது கூடுதல் பரப்பு? நெளிவுகளுக்குள் ஒளிந்திருந்தது வெளியே வருகிறது!

மிருதங்கத்தின் வாரை இறுக்கினால் சுருதி ஏறும். இங்கே, உறிஞ்சல் தரும் இறுக்கம் சவ்வின் நீண்ட நெளிவு அலைகளை முதலில் அடக்குகிறது. குட்டை அலைகளைச் சீண்டுவதில்லை. மீட்டருக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு நியூட்டன் இழுத்தால், நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவிலான எல்லை 1 மைக்ரான் அளவில் இருக்கும். இழுவிசையைப் பத்தாயிரம் மடங்காக்கினால் எல்லை 10 நானோமீட்டருக்கு இறங்கிவிடும்.

இதில் ஒரு நேர்த்தி உண்டு. 10 மைக்ரானிலிருந்து 1 மைக்ரான் வரையிலான அலைகளில் எவ்வளவு பரப்பு ஒளிந்திருக்கிறதோ, 1 மைக்ரானிலிருந்து அதில் பத்திலொரு பங்கு வரையிலான அலைகளிலும் அவ்வளவே. அதனால் இழுவிசையைப் பத்து மடங்காக்கும் ஒவ்வொரு முறையும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பரப்பு கிடைக்கிறது. மடக்கை அளவில் வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்விலிருந்து சவ்வின் விறைப்பு. ஹெல்ஃப்ரிக்கும் செர்வுஸும் 1984-இலேயே காகிதத்தில் போட்டுவைத்த கணக்கு இது.

மேலும் இழுத்தால் கோடு வளைகிறது. நெளிவு தீர்ந்து, மூலக்கூறுகளே விலகத் தொடங்கிவிட்டன. இன்னும் சில சதவீதம், குமிழி வெடித்துவிடும்.

நடுங்கும் ஓரத்தைக் கேமராவில் பிடித்து அலை அலையாகப் பிரிக்கும் முறையும் உண்டு; பார்க்க அழகு. ஆனால் சாதாரண ஒளி நுண்ணோக்கிக்குக் கால் மைக்ரானுக்குக் கீழே பார்வை மங்கிவிடும். குழாயோ அதற்கும் கீழுள்ள நெளிவுகளைச் சேர்த்தே கணக்கில் காட்டுகிறது. என் ஓட்டு குழாய்க்குத்தான். சவ்வு இயற்பியல் படிக்க வருகிறவர்கள் சூத்திரங்களுக்கு முன்னால் அந்த 1990 வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.