முகம் யாருக்காக? பிளாக் டெசர்ட் ஆன்லைனின் உருவமைப்புக் கருவி

தென்கொரியாவின் பெர்ல் அபிஸ் நிறுவனம் உருவாக்கிய பிளாக் டெசர்ட் ஆன்லைன், 2014 டிசம்பரில் அந்நாட்டில் பொதுச் சோதனைக்குத் திறக்கப்பட்டு, 2016 மார்ச்சில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியானது. ஆடுபவர் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அதே உலகில் உலவும் பிறரோடு சேர்ந்தோ எதிர்த்தோ அப்பாத்திரத்தை வளர்த்துச் செல்லும் இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. இதன் போர்முறையையும் முடிவற்ற ஆயுத மேம்பாட்டையும் குறைகூறுவோர் உண்டு. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் பாத்திரத்தின் தோற்றத்தை வடிவமைக்கத் தரப்படும் கருவியைப் பாராட்டாதவர் அரிது. மேற்கில் விளையாட்டு வெளிவருமுன்பே இக்கருவி மட்டும் தனியாகப் பதிவிறக்கத்துக்குத் தரப்பட்டது என்பதிலிருந்து, விளம்பரத்துக்கு இதைவிடச் சிறந்த சரக்கு தன்னிடம் இல்லை என்பதை நிறுவனமும் உணர்ந்திருந்தது எனக் கொள்ளலாம்.

இவ்வகை விளையாட்டுகளில் தோற்றத்தை அமைக்கும் முறைகள் பொதுவாக இரண்டு. ஆயத்தமாக வரைந்து வைத்த முகங்கள், சிகைகள், நிறங்கள் ஆகியவற்றின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது ஒன்று. மூக்கின் நீளம், கண்ணின் இடைவெளி போன்ற ஒவ்வோர் அளவையும் ஸ்லைடர் எனப்படும் நகர்த்துகோலால் கூட்டிக் குறைப்பது மற்றொன்று. பிளாக் டெசர்ட் இரண்டாவது முறையை இன்னும் ஒரு படி தாண்டிச் செல்கிறது. கணினியைப் பொறுத்தவரை முப்பரிமாண முகம் என்பது புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து நெய்த ஒரு வலையே. மெஷ் எனப்படும் இவ்வலையின் மேல்தான் தோலின் நிறமும் சுருக்கமும் கொண்ட படம் போர்த்தப்படுகிறது. இக்கருவியில் ஆடுபவர் முகத்தின் ஒரு பகுதியைச் சுட்டிக் கிளிக் செய்து, மவுஸைப் பிடித்தபடியே இழுத்தால், அப்பகுதிக்குரிய வலைப்புள்ளிகள் கூடவே நகர்கின்றன. தாடையின் கோணம், கன்ன எலும்பின் மேடு, புருவத்துக்கும் இமைக்கும் இடையிலான சிறு பள்ளம், மேலுதட்டின் நடுவளைவு என ஒவ்வொன்றும் தனித்தனியே கைக்கு வருகின்றன. எண்ணைப் பார்த்து முகத்தை ஊகிக்க வேண்டியதில்லை, முகத்தையே பார்த்து முகத்தை மாற்றலாம் என்பதுதான் இங்குள்ள பெரிய வசதி.

சிகையமைப்புப் பகுதி இதைவிடவும் வியப்பூட்டுவது. பிற விளையாட்டுகளில் முடி என்பது தலையில் கவிழ்த்த ஒரே வார்ப்பு. இங்கோ ஒரு சிகையைத் தேர்ந்தெடுத்த பின், அதன் கற்றைகளைப் பற்றி நெற்றியில் விழவோ காதுக்குப் பின்னே ஒதுங்கவோ செய்யலாம், நீளத்தையும் சுருளையும் மாற்றலாம். வரம்பை மீறி இழுத்தால் கற்றை தோளுக்குள் புகுந்து மறுபுறம் வெளிப்படுவதும் உண்டு. பொறுமையாகச் செய்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல, அவசரக்காரருக்கு எரிச்சல். கண்மணியின் நிறம், இமைச்சாயம், உதட்டுப் பூச்சு, பச்சை குத்தல், உடற்கட்டு என்று பட்டியல் நீள்கிறது. செய்த முகத்தை வெவ்வேறு உடைகளிலும் நிற்கும் நிலைகளிலும் முகபாவங்களிலும் வைத்துச் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. சிரிக்கும்போது கோணிக்கொள்ளும் ஒரு வாயை, ஆட்டத்துக்குள் போகுமுன் இங்கேயே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள முடிவது சிறிய நன்மையன்று.

இத்தனை சுதந்திரத்துக்கும் அடியில் சில பூட்டுகள் இருக்கின்றன. கிளாஸ் என்று ஆட்டக்காரர் குறிப்பிடும் போர்ப்பிரிவைத் தேர்ந்தெடுத்த கணமே பாலினமும் ஏறக்குறைய வயதும் முடிவாகிவிடுகின்றன. பெருவலிமை கொண்ட பெர்சர்க்கர் ஆணே. சூனியம் கற்ற சார்சரஸ் பெண்ணே. மந்திரவாதியான விசார்ட் நரைத்தவர், ஷாய் எனும் பிரிவோ சிறார் தோற்றம் கொண்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அடிப்படை முகமும் தனிச் சிகைத் தொகுதியும் இருப்பதால், ஒன்றுக்கு வாய்த்த கூந்தல் இன்னொன்றுக்கு வாய்ப்பதில்லை. மூக்கை எவ்வளவு இழுத்தாலும் அது அடிப்படை முகத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரைதான் விலகும். அந்த எல்லையை வரைந்தவர் கொரியக் கலைஞர், ஆடுபவர் அல்லர். பட்டியலில் இல்லாததை எந்த நகர்த்துகோலும் தராது என்பதற்கு வேறொரு விளையாட்டும் சான்று: 2004-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், மனிதப் பாத்திரங்களுக்குக் கூடுதல் தோல் நிறங்களையும் அவற்றுக்கு இசைந்த சிகைகளையும் 2020-இல் வந்த ஷாடோலேண்ட்ஸ் விரிவாக்கத்தை ஒட்டித்தான் சேர்த்தது.

எனினும் இக்கருவியின் மெய்யான சிக்கல் அதற்குள் இல்லை, அதை விட்டு வெளியேறியதும் தொடங்குகிறது. ஆட்டத்தில் கேமரா பெரும்பாலும் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்பதால், உழைத்துச் செதுக்கிய முகத்தை அதன் சொந்தக்காரரே முனைந்து திருப்பினாலொழியக் காண்பதில்லை. கடைக்காரரிடமோ ஊர்த்தலைவரிடமோ பேசும் காட்சிகளில் திரையை நிறைப்பது அவர்களுடைய முகம். எதிரே வரும் பிற ஆட்டக்காரர்களுக்கோ இன்னும் குறைவாகவே தெரிகிறது: தொலைவிலுள்ள உருவங்களின் வலைப்புள்ளிகளைக் குறைத்து வரைந்து கணினியின் சுமையைத் தணிப்பது பெரும்பாலான முப்பரிமாண விளையாட்டுகளிலும் உள்ள வழக்கம், பலர் மோதும் கோட்டைப்போர்களில் வேகம் வேண்டி வரைகலைத் தரத்தைத் தாழ்த்திக்கொள்வதும் சாதாரணம். மேலுதட்டு வளைவுக்காகச் செலவிட்ட மாலைப்பொழுது, கல்யாண ஆல்பத்துக்காக மட்டும் செய்துகொண்ட ஒப்பனை போல, உருவமைப்புத் திரையின் வெளிச்சத்திலேயே நின்றுவிடுகிறது.

தொலைவிலிருந்து ஒருவரை அடையாளம் காட்டுவது உருவத்தின் புறக்கோடும் உடையும் நிறமுமே. பிளாக் டெசர்ட் கஞ்சத்தனம் காட்டுவதும் அங்கேதான். ஆட்டத்தில் கிடைக்கும் கவசங்களின் தோற்ற வகைகள் சொற்பம். கண்ணைக் கவரும் உடைகள் பெரும்பாலும் பெர்ல் எனப்படும், காசு கொடுத்து வாங்கும் நாணயத்துக்கு விற்கப்படுகின்றன. பிறர் காணாத முகம் இலவசம், பிறர் காணும் உடைக்கு விலை என்ற இந்த ஏற்பாட்டைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றது, கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2004-இல் என்சிசாஃப்ட் வெளியிட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் எனும் சூப்பர்ஹீரோ விளையாட்டு. அதில் முகத்தை நுணுக்கமாகச் செதுக்கும் வசதி குறைவு. ஆனால் முகமூடி, கையுறை, காலணி, மார்புச் சின்னம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறம் தெரிவு செய்து, முழு நாயக உடையையும் முதல் நாளிலேயே தனிக் கட்டணமின்றி அமைக்க முடிந்தது. தெருவின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் இன்னார் என்று தெரிந்தது. எந்த அளவுக்கு என்றால், ஆட்டக்காரர் மார்வெல் நிறுவனத்தின் நாயகர்களைப் போன்ற உருவங்களைச் செய்துகொள்ள அந்த உடையமைப்புக் கருவி இடம் தருகிறது என்று அந்நிறுவனம் 2004 நவம்பரில் வழக்கே தொடுத்தது. 2005 டிசம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. முகநுணுக்கத்துக்காக பிளாக் டெசர்ட் மீது அப்படியொரு வழக்கைக் கற்பனை செய்ய இயலவில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற விளையாட்டிலும் ஓர் இனத்தின் உட்பிரிவுக்குச் சில முகங்களே உள்ளன. ஆனாலும் அணிந்திருக்கும் கவசத்தின் மேல் வேறொரு உடையின் தோற்றத்தைப் போர்த்திக்கொள்ள உதவும் கிளாமர் எனும் ஏற்பாட்டால், ஒரே முகம் கொண்ட இருவர் அருகருகே நின்றாலும் குழப்பம் நேர்வதில்லை.

அப்படியானால் யாரும் பாராத முகத்தைச் செதுக்குவது வீண்வேலையா என்று கேட்டால், அவ்வாறு தீர்ப்பளிப்பதும் பொருந்தாது. நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் ஆகிய ஆய்வாளர் இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மெய்நிகர் அறையில் கண்ணாடி முன் நின்று தம் உருவம் அழகானது என்று கண்டவர்கள், அழகு குறைந்த உருவம் தரப்பட்டவர்களைவிட எதிரிலிருப்பவரிடம் நெருங்கி நின்றனர், தம்மைப் பற்றி அதிகம் பேசினர். உயரமான உருவம் பெற்றவர்கள் பணம் பங்கிடும் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றனர். புரோட்டியஸ் விளைவு என்று பெயரிடப்பட்ட இச்சோதனையில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு: எதிரிலிருந்தவருக்கு அந்த அழகிய முகம் காட்டப்படவே இல்லை. மாற்றம் முழுவதும், தன் முகத்தைத் தானே கண்டவரிடம் நிகழ்ந்தது. இந்த நோக்கில் பிளாக் டெசர்ட்டின் கருவி ஒரு நிலைக்கண்ணாடி. கூட்டத்தில் பயன்படாத கண்ணாடியும் தன் வேலையைச் செய்துவிடக்கூடும்.

அந்த வாதத்தையும் பலவீனப்படுத்துவது பகிர்வு வசதிதான். செய்த தோற்றத்தைக் கோப்பாகச் சேமிக்கலாம். பியூட்டி ஆல்பம் என்ற பகுதியில் ஏற்றிப் பிறருக்கு வழங்கலாம். பிறர் ஏற்றியதை அதே போர்ப்பிரிவுக்கு எடுத்து அப்படியே பொருத்தலாம். வரைகலையில் கைதேர்ந்தவர் செய்தளித்த முகங்கள் உண்மையில் அழகானவை. அதனாலேயே பலர் தம் முயற்சியைப் பாதியில் கைவிட்டு அவற்றை எடுத்துக்கொள்கின்றனர். விளைவு, எண்ணற்ற முகங்களைத் தரவல்ல கருவியிலிருந்து கூர்ந்த தாடையும் அகன்ற கண்ணும் சிறுத்த மூக்கும் கொண்ட ஒரே சாயல் திரும்பத் திரும்ப வெளிவருகிறது. தழும்பேறிய, வயது முதிர்ந்த, மூக்கு உடைந்த முகங்களைச் செய்யவும் இக்கருவிக்கு ஆற்றல் உண்டு. அத்தகைய முகம் ஒன்று எதிர்ப்பட்டால்தான் ஆடுபவர் கேமராவைத் திருப்பிப் பார்க்கிறார்.

புதிதாக நுழைபவர் கவனிக்க வேண்டியது விலை. முதல்முறை அமைப்பதற்குக் கட்டணம் இல்லை. பின்னர் ஆட்டத்துக்குள்ளேயே ஒப்பனைப் பகுதியைத் திறந்து விருப்பப்படி மாற்றி, அதை நிலைப்படுத்த முனையும்போதுதான் தோற்ற மாற்றச் சீட்டோ, வேல்யூ பேக் எனப்படும் காலவரையறை கொண்ட சந்தாத் தொகுப்போ தேவைப்படுகிறது. ஆகவே முதல் அமர்விலேயே நேரம் எடுத்துக்கொள்வதும், நடுநடுவே கோப்பாகச் சேமிப்பதும், கண்ணுக்கும் உதட்டுக்கும் செலவிடும் உழைப்பில் பாதியைச் சிகையின் நிறத்துக்கும் வடிவத்துக்கும் ஒதுக்குவதும் நல்லது. பின்னாலிருந்து நாள்தோறும் பார்க்கப்போவது அதைத்தான். உருவம் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு இதற்கு இணையான கருவி இவ்வகை விளையாட்டுகளில் அரிது. கூட்டத்தில் தனித்துத் தெரிய விரும்புபவர் பணப்பையைத் திறக்க ஆயத்தமாக வரவேண்டும், அல்லது ஃபைனல் ஃபேன்டஸி 14-க்குப் போகலாம்.