பிப்பை விட்டு யூவிக்கு மாறலாமா?

பைத்தான் மொழியைக் கற்பது எளிது. அதற்கு வேண்டிய பேக்கேஜ்களை நிறுவி, ஒன்றோடொன்று மோதாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. 2008-ல் வந்த பிப் நிறுவும் வேலையைச் செய்கிறது. ஆனால் ப்ராஜெக்டுக்கு ஒரு தனிச் சூழல் வேண்டுமென்றால் வென்வ், பைத்தான் பதிப்பை மாற்ற பைஎன்வ், கமாண்ட் லைன் கருவிகளுக்கு பிப்எக்ஸ், பதிப்புகளைப் பூட்டிவைக்க பிப்-டூல்ஸ் அல்லது போயட்ரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது. முதல் நிரலை ஓட்டுவதற்குள்ளேயே மாணவர்கள் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த எல்லா வேலைகளையும் ஒரே கட்டளையில் அடக்கப் பார்க்கிறது யூவி. ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட இது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ஓப்பன் சோர்ஸ், இலவசம். இதை நிறுவ பைத்தானே தேவையில்லை. 'யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.12' என்று அடித்தால் பைத்தானையும் அதுவே இறக்கிக்கொள்கிறது. லினக்ஸோடு வந்த பைத்தானைத் தொடுவதில்லை.

பிப்பைவிட 10 முதல் 100 மடங்கு வேகம் என்கிறது நிறுவனம். நூறு மடங்கு என்பது பேக்கேஜ் ஏற்கெனவே கேஷில் இருக்கும்போதுதான். பைடார்ச் போன்ற பெரிய பேக்கேஜை முதல்முறை இறக்கும்போது நம் இன்டர்நெட்டின் வேகம்தான் யூவியின் வேகம். அதே பேக்கேஜை இரண்டாவது ப்ராஜெக்டில் சேர்க்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் பொதுவாக கேஷில் உள்ள கோப்புக்கு ஹார்ட் லிங்க் மட்டும் போடுகிறது, நகல் எடுப்பதில்லை. ஐந்து ப்ராஜெக்டில் பைடார்ச்சின் ஒரே பதிப்பு இருந்தாலும் டிஸ்கில் ஒரு பிரதிதான். 256 ஜிபி லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு வேகத்தைவிட இது பெரிய விஷயம். கேஷும் ப்ராஜெக்டும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சரித்துவிட்டு முழு நகலே எடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீக்கும் முறை. பாண்டாஸை பிப் வழியாக நீக்கினால், அதனோடு வந்த நம்பை முதலியவை அப்படியே தங்கிவிடும். 'யூவி ரிமூவ்' கொடுத்தால், வேறு எதற்கும் தேவைப்படாதவை எல்லாம் சேர்ந்து போய்விடுகின்றன. எது எதனால் வந்தது என்று அறிய 'யூவி ட்ரீ' போதும். பதிப்புகள் ஒத்துப்போகாதபோதும், எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பைக் கேட்கிறது, ஏன் முடியவில்லை என்று வாக்கியமாகவே சொல்கிறது.

சின்ன ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. எடுத்துக்காட்டாக, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். மெய்யின் புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதே காரணம். ஓப்பன்-தமிழ் பேக்கேஜ் எழுத்துகளாகப் பிரித்து 3 என்று சரியாகத் தரும். 'யூவி ஆட் --ஸ்கிரிப்ட்' வழியாக இந்தத் தேவையை ஸ்கிரிப்டின் தலையிலேயே குறிப்பாக எழுதிவிடலாம். அந்த ஒரு கோப்பை நண்பருக்கு அனுப்பினால் போதும். அவர் 'யூவி ரன்' கொடுத்ததும் தேவையானது இறங்கி நிரல் ஓடும்.

குறைகளும் உண்டு. யூவி உருவாக்கும் சூழலுக்குள் பிப் இருக்காது. பழக்கத்தில் 'பிப் இன்ஸ்டால்' என்று அடிப்பவர்கள் 'யூவி பிப் இன்ஸ்டால்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பிப்புக்கென்று எழுதிவைத்த கான்ஃபிக் கோப்புகளையும் இது படிக்காது. அலுவலகத்தில் தனி பேக்கேஜ் சர்வர் வைத்திருப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பைத்தானுக்கு வெளியே உள்ள சி நூலகங்களையும் ஆர் மொழியையும் சேர்த்து நிர்வகிக்க கோண்டா போன்ற கருவிதான் இன்னும் வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்தை நம்பியிருக்கிறோமே என்ற கவலை எனக்கும் உண்டு. மூல நிரல் திறந்திருப்பதால் அந்தக் கவலை பாதியாகக் குறைகிறது.

பாதுகாப்பை எந்தக் கருவியும் முழுதாகத் தந்துவிடாது. மூல வடிவில் வரும் பேக்கேஜ், நிறுவும்போதே நம் கணினியில் தன் நிரலை ஓட்டக்கூடியது. பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்து ஏமாற்றும் பேக்கேஜ்களும், பைத்தான் பேக்கேஜ்கள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் அவ்வப்போது பிடிபடுகின்றன. பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். '--எக்ஸ்க்ளூட்-நியூவர்' என்று ஒரு தேதியைக் கொடுத்தால் அதற்குப் பின் வெளியானவற்றை யூவி எடுக்காது. புதிதாக வந்த நச்சுப் பதிப்புகளைத் தவிர்க்க இது நல்ல வழி.

புது ப்ராஜெக்ட் தொடங்குகிறவர்கள் தயங்காமல் யூவியிலேயே தொடங்கலாம். பழையதென்றால், ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை 'யூவி ஆட் -ஆர்' மூலம் உள்ளே கொண்டுவந்து, டெஸ்டுகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு மாறுங்கள். யூவி எழுதித்தரும் லாக் கோப்பை மறக்காமல் கிட்டில் சேர்த்துவிடுங்கள். உங்கள் கணினியில் உள்ள அதே பதிப்புகள் அடுத்தவர் கணினியிலும் வருவது அந்தக் கோப்பினால்தான்.